வாடகை வீட்டை இடையில் காலி செய்தால் எந்த நாள் வரை வாடகை கொடுக்க வேண்டும்?

ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்தாலும், நீதிமன்ற உத்தரவின் பேரில் வெளியேற நேர்ந்தாலும், எந்த நாள் வரைக்கும் வாடகை கொடுக்கும் பொறுப்பு நம் தலையில் இருக்கிறது என்ற கேள்வி வடசென்னையில் ஏறக்குறைய எல்லாத் தெருக்களிலும் எழுகிறது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பகுதிகளில் போர்ஷன் வீடுகளில் குடியிருப்பவர்களில் பலர் துறைமுகத்தையும் எண்ணூர், மணலி தொழிற்சாலைகளையும் நம்பிப் பிழைப்பவர்கள். வேலை இடம் மாறினால் வீடும் மாறியாக வேண்டும். அப்படிக் கிளம்பும்போது உரிமையாளரிடம் இருக்கும் அட்வான்ஸ் தொகைதான் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் ஒரே சேமிப்பு. நகையை அடகு வைத்துக் கொடுத்த பணமாகவும் அது இருக்கும். ஆகவே இந்தக் கேள்விக்கு வாய்வழிச் சமாதானங்களை நம்பாமல், சட்டம் என்ன சொல்கிறது, கையில் என்ன தாள் இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வீட்டைக் காலி செய்வது நல்லது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சாமான்களை வண்டியில் ஏற்றிய நாளோடு வாடகை நின்றுவிடுவதில்லை. வீட்டை உரிமையாளரின் கையில் முறைப்படி ஒப்படைத்த நாள், கொடுக்க வேண்டிய நோட்டீஸ் காலம் முடியும் நாள் ஆகிய இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதுவரைக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் ஒரு மாத வாடகை கேட்டாலும், எதற்காகக் கேட்கிறார், உண்மையில் அவருக்கு என்ன நட்டம் ஏற்பட்டது என்பதை உரிமையாளர்தான் காட்டியாக வேண்டும்.

ஒரு விளக்கம். நம் பகுதியில் 'லீசுக்கு வீடு' என்றால் பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றிக் குடியிருக்கும் போக்கிய முறையையே குறிக்கிறார்கள். அதன் சட்ட நிலை வேறு. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. மாதாமாதம் வாடகை கொடுக்கும் குடியிருப்புகளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகிய இரு தரப்பின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்யவும் வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். இணையத்தின் வழியாகவே இந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவாகாத ஒப்பந்தத்தைப் பிற்பாடு சான்றாகக் காட்டுவது கடினம் என்பதால், பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் பதினோரு மாதத்துக்கு எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை (மாத வாடகைக் குடியிருப்பையும் சட்டம் இந்தப் பெயரில்தான் அழைக்கிறது) 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பதே அதற்குக் காரணம். பதினோரு மாதம் என்று எழுதியிருப்பதால் பதினோரு மாத வாடகையும் கொடுத்தே தீர வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியே ஆகிவிடாது. ஒப்பந்தத்தில் 'இரு தரப்பினரில் யார் வேண்டுமானாலும் இத்தனை மாத நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்' என்ற வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அந்த நோட்டீஸைக் கொடுத்துவிட்டு எந்த மாதத்திலும் வெளியேற உங்களுக்கு உரிமை உண்டு. நோட்டீஸ் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு.

கவனமாக இருக்க வேண்டிய இன்னொரு வாசகம் 'லாக்-இன்' காலம். இத்தனை மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது, செய்தால் மீதி மாதங்களின் வாடகையைக் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார்கள். முன்பு கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போட்டுவந்த இந்த வாசகத்தை இப்போது பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒப்பந்தங்களிலும் காணலாம். இந்த வாசகம் இருக்கும் ஒப்பந்தத்தில் வாடகைதாரரின் பொறுப்பு உண்மையிலேயே கூடுதல். கையெழுத்துப் போடும் முன்பே அதை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு என்ன வழி என்பதைக் கீழே சொல்கிறேன்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வீடெடுத்திருந்தால், ஒருவர் மட்டும் வெளியேறுவதால் அவருடைய பொறுப்பு தீர்ந்துவிடாது. கையெழுத்திட்டவர்களில் யாரிடமிருந்தும் முழு வாடகையையும் கேட்க உரிமையாளருக்கு வழி உண்டு. வெளியேறுபவர் தம் பெயரை நீக்கி எழுதி, உரிமையாளரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நோட்டீஸ் கொடுக்கும் விதம்

உரிமையாளர் கீழ் வீட்டிலேயே குடியிருக்கும்போது, மாடிப்படியில் பார்த்து 'அண்ணே, அடுத்த மாதம் காலி பண்றோம்' என்று சொல்லிவிடுவதே நம்மவர்களின் வழக்கம். அவரும் சரி என்று தலையசைப்பார். பிறகு கணக்குப் பார்க்கும் நாளில் 'நீங்கள் எப்போது சொன்னீர்கள்?' என்ற கேள்வி வரும்போது கையில் காட்ட ஒன்றுமே இருக்காது. நேரில் மரியாதையாகச் சொல்லுங்கள். அன்றே எழுத்திலும் கொடுங்கள். வெள்ளைத் தாளில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். அவர் கையெழுத்துப் போடத் தயங்கினால், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் முறையில் அஞ்சலில் அனுப்புங்கள். அத்துடன் அதே கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள். குரல் பதிவாக அனுப்புவதைவிட எழுத்தாக அனுப்புவதே சிறந்தது.

கடிதத்தில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: எந்தத் தேதியில் காலி செய்கிறீர்கள், எந்தத் தேதியில் சாவியை ஒப்படைப்பீர்கள், அட்வான்ஸாக எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள். காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டில் ஒழுகல், சாக்கடை அடைப்பு, தண்ணீர் வராதது போன்ற குறைகளால் வெளியேறுகிறீர்கள் என்றால் மட்டும், எந்த நாளில் முறையிட்டீர்கள் என்பதோடு சேர்த்து அவற்றைக் குறிப்பிடுங்கள்.

சாவியை ஒப்படைக்கும் நாள்

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் வாடகைத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நாளைச் சுற்றியே எழுகின்றன. குத்தகை முடிந்ததும் வாடகைதாரர் சொத்தின் அனுபவத்தை, அதாவது அதைத் தம் கையில் வைத்திருக்கும் நிலையை, உரிமையாளரிடம் திரும்ப ஒப்படைக்கக் கடமைப்பட்டவர் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் கூறுகிறது. சாவி உங்களிடம் இருக்கும்வரை, வீடு காலியாகவே இருந்தாலும், அனுபவம் உங்களிடமே இருப்பதாகத்தான் கணக்கு. ஒரு பழைய மேசையும் இரண்டு பிளாஸ்டிக் குடங்களும் உள்ளே கிடந்தால்கூட, முழுவதும் காலி செய்யவில்லை என்று வாதிட இடம் உண்டு.

ஒப்படைக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் எல்லா அறைகளையும் சமையலறையையும் குளியலறையையும் கைபேசியில் படம் பிடியுங்கள். மின்மீட்டரின் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அளவு எடுக்கிறது என்பதால், நீங்கள் கிளம்பிய பிறகு வரும் கட்டணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை அந்தப் படம் ஒன்றே சொல்லும். பிறகு உரிமையாளரின் முன்னிலையில் சாவிகளைக் கொடுத்து, கீழ்க்கண்டவாறு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்:

'மேற்படி முகவரியில் முதல் மாடி போர்ஷனில் வாடகைக்குக் குடியிருந்த நான், இன்று … தேதி மாலை … மணிக்கு வீட்டை முழுவதும் காலி செய்து, வாசற்கதவுச் சாவி இரண்டும், மாடிப்படி இரும்புக் கதவுச் சாவி ஒன்றும் உரிமையாளரிடம் ஒப்படைத்தேன். இன்றைய மின்மீட்டர் அளவு … . … மாதம் வரை வாடகை செலுத்தப்பட்டுள்ளது. உரிமையாளர் எனக்குத் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் … ரூபாய். அதில் கழித்துக்கொள்ள வேண்டிய தொகை ஏதும் இருந்தால் அது: … .'

இதன் கீழே இருவரும் கையெழுத்திட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

'சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், புதுக் குடித்தனம் வந்ததும் அட்வான்ஸ் தருகிறேன்' என்ற பேச்சை நம் பகுதியில் கேட்காதவர் குறைவு. அதற்குப் பதிலாகச் சிலர் 'பணம் வந்தால்தான் சாவி' என்று பிடித்துவைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சாவியைப் பிடித்துவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் வேறு வீட்டுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இந்த வீட்டின் வாடகையும் உங்கள் கணக்கில் ஏறும். கடைசியில் நீங்கள் மீட்க நினைத்த அட்வான்ஸையே அது விழுங்கிவிடும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரரின் பாக்கிகளைக் கழித்துக்கொண்டு, உரிமையாளர் அட்வான்ஸைத் திருப்பித் தந்தாக வேண்டும். புதுக் குடித்தனம் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் எந்த ஏற்பாடும் அதில் இல்லை. கூடுமானவரை சாவியும் பணமும் ஒரே அமர்வில் கைமாறும்படி பேசி வையுங்கள். அது முடியாதபோது, மேலே சொன்ன தாளில் பாக்கித் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

உரிமையாளர் சாவியை வாங்கவே மறுத்தால், அல்லது ஊரில் இல்லையென்று நாள் கடத்தினால், ஒப்படைக்க நீங்கள் தயாராக இருந்ததை நிரூபிப்பதே உங்கள் பாதுகாப்பு. இந்தத் தேதியில் இந்த நேரத்தில் சாவியோடு வந்தேன், பெற்றுக்கொள்ள மறுத்தீர்கள், இன்று முதல் வீட்டின் அனுபவம் என்னிடம் இல்லை, சாவியை எப்போது கேட்டாலும் தருவேன் என்று எழுதி அஞ்சலில் அனுப்புங்கள். சாட்சியாக இருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அதன் பிறகும் மாதக்கணக்கில் வாடகை ஓடியது என்று அவர் சொன்னால், அந்தக் கடிதம் உங்கள் பக்கம் நின்று பேசும்.

மீதி மாதங்களின் வாடகையைக் கேட்டால்

இனி, ஒப்பந்தத்தை இடையில் முறித்ததற்காக மீதி மாதங்களின் வாடகை முழுவதையும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று உரிமையாளர் சொல்லும் நிலையைப் பார்ப்போம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இதற்குப் பதில் தருகின்றன. ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் இயல்பாக ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடு தர வேண்டும் என்கிறது 73ஆம் பிரிவு. அந்த நட்டத்தைக் கணக்கிடும்போது, அதைக் குறைத்துக்கொள்ளப் பாதிக்கப்பட்டவருக்கு என்ன வழிகள் இருந்தன என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. வேறு குடித்தனம் வைக்க வாய்ப்பிருந்தும் டூ-லெட் பலகைகூட மாட்டாமல் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு ஐந்து மாத வாடகை கேட்பது இங்கே எளிதில் எடுபடாது. 74ஆம் பிரிவு, முறித்தால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை எழுதியிருக்கும் நிலையைப் பற்றியது. அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்கு உட்பட்டு நியாயமான ஈடுதான் கிடைக்கும். உச்ச நீதிமன்றம் 1963இல் ஃபதே சந்த் வழக்கிலும், 2015இல் கைலாஷ் நாத் வழக்கிலும் இதை விளக்கியிருக்கிறது. லாக்-இன் வாசகத்தில் கையெழுத்திட்டவர்கள் தங்கள் பதிலை இந்தப் பிரிவின் மீதுதான் கட்ட வேண்டும்.

புதுக் குடித்தனம் வந்துவிட்ட நாளிலிருந்து பழைய வாடகைதாரரிடம் வாடகை கேட்க முடியாது. ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இருவரிடம் வாடகை வாங்குவதைச் சட்டம் ஏற்பதில்லை. புதியவருக்கு வீட்டைக் கொடுத்ததன் மூலம் பழைய குத்தகை முடிந்ததை உரிமையாளரே ஒப்புக்கொண்டதாகிறது. ஆகவே காலி செய்த பிறகும் அந்தத் தெருவில் உள்ளவர்களோடு தொடர்பில் இருங்கள். விளக்கு எரிகிறதா, யார் எப்போது குடிவந்தார்கள் என்ற செய்தி உங்கள் கணக்கையே மாற்றிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000 ரூபாய், ஜூன் 1 முதல் ஏப்ரல் 30 வரை பதினோரு மாத ஒப்பந்தம், இரண்டு மாத நோட்டீஸ் வாசகம் உண்டு, லாக்-இன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வாடகைதாரர் அக்டோபர் 25 அன்று எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, நவம்பர் வாடகையையும் செலுத்திவிட்டு, நவம்பர் 30 அன்று சாவியை ஒப்படைக்கிறார். உரிமையாளர் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான ஐந்து மாத வாடகை 45,000, வெள்ளையடிக்க 9,000 என்று 54,000 ரூபாயைக் கழித்து 6,000 ரூபாய் தருகிறார். சரியான கணக்கு இதுவல்ல. நோட்டீஸ் காலம் டிசம்பர் 24 அன்று முடிகிறது. வீடு அதுவரை காலியாகவே இருந்திருந்தால், டிசம்பரின் 24 நாளுக்கு 6,968 ரூபாய் கொடுக்க வேண்டும். ஆனால் டிசம்பர் 10 அன்றே புதுக் குடித்தனம் வந்துவிட்டதென்றால் ஒன்பது நாளுக்கு 2,613 ரூபாய் மட்டுமே சேரும். மின்கட்டணப் பங்கு 1,140 ரூபாய் என்றால், திரும்ப வர வேண்டியது 56,247 ரூபாய். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் 47,247 ரூபாய். ஆறாயிரத்தோடு வீடு திரும்பியவருக்கு வர வேண்டியது இதுதான்.

வெள்ளையடிப்பது பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லையென்றால், புழங்குவதால் இயல்பாகச் சுவர் மங்கியதற்குப் பணம் பிடிப்பது நியாயமாகாது. உடைந்த தாழ்ப்பாள், பெயர்த்தெடுத்த குழாய் போன்றவை வேறு. அவற்றுக்கு ரசீதோடு கழித்தால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லும் பழக்கம்

2017ஆம் ஆண்டுச் சட்டம் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையையே பொதுவான அளவாக வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு மாறாக ஒப்பந்தம் செய்துகொள்ளவும் இடம் விட்டிருப்பதால், பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னை வழக்கம் இன்னும் பல இடங்களில் தொடர்கிறது. பெருந்தொகை உரிமையாளரிடம் கிடப்பதால், கிளம்பப் போகும் கடைசி சில மாதங்களுக்கு வாடகை தராமல் 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று இருந்துவிடுகிறார்கள். உரிமையாளர் எழுத்தில் சம்மதித்திருந்தால் இதில் பிழையில்லை. சம்மதம் இல்லாமல் செய்தால் அது வாடகைப் பாக்கி. இரண்டு மாத வாடகை பாக்கியாகி, கேட்டு நோட்டீஸ் அனுப்பியும் ஒரு மாதத்துக்குள் கொடுக்காதிருப்பது, வெளியேற்றக் கோரி வழக்குப் போடுவதற்கான காரணங்களுள் ஒன்று. தாமதத்துக்கு வட்டி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதுவும் சேரும்.

வாடகையை ரொக்கமாகக் கொடுப்பவர்களிடம் பெரும்பாலும் ஒரு வாடகை நோட்டு இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் அம்மையார் கொண்டுவந்த நாற்பது பக்க நோட்டில், மாதம், தொகை, உரிமையாளரின் சுருக்கக் கையெழுத்து என்று ஒவ்வொரு மாதமும் ஒரு வரி, ஊதா மையிலும் நீல மையிலும் மாறி மாறி எழுதப்பட்டிருந்தது. ஆறு மாத வாடகை பாக்கி என்று வந்த வக்கீல் நோட்டீஸுக்கு அந்த நோட்டே முழுப் பதிலாக அமைந்தது. அத்தகைய நோட்டைக் காலி செய்யும் நாளில் உரிமையாளரிடமே விட்டுவிட்டு வராதீர்கள். ஜிபே, வங்கி மூலம் கொடுப்பவர்கள் கணக்கு அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டால் போதும்.

வெளியேற்ற உத்தரவு வந்த பிறகு

சென்னையில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான வெளியேற்ற வழக்குகளை, உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம் வாடகை நீதிமன்றமாக இருந்து விசாரிக்கிறது. வழக்கு நடக்கிறது என்பதற்காக வாடகையை நிறுத்திவிடக் கூடாது. வழக்கு நடக்கும் காலத்திலும் வாடகை கொடுத்தாக வேண்டும். உரிமையாளர் வாங்க மறுத்தால் மணியார்டர் போன்ற வழியில் அனுப்பி, அதையும் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது.

உத்தரவுக்குப் பிறகு நிலைமை கடுமையாகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்பும் புதுப்பிக்காமல் தொடர்ந்து குடியிருப்பவருக்கு, பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம் வரைதான் சட்டம் இடம் தருகிறது. உத்தரவாலோ நோட்டீஸாலோ குத்தகை முடிந்த பின்னும் காலி செய்யாதவர், இருந்த காலத்துக்குப் பழைய வாடகையைக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. மாத வாடகையின் இரு மடங்கிலிருந்து தொடங்கும் இழப்பீடு அவர் தலையில் விழும். வெளியேற்றத் தீர்ப்புக்குப் பின் மேல்முறையீடு செய்துகொண்டு தங்கியிருப்பவர், அதே இடத்தை உரிமையாளர் வேறொருவருக்கு விட்டிருந்தால் என்ன வாடகை கிடைத்திருக்குமோ அந்தச் சந்தை அளவில் பணம் கட்ட நேரிடலாம் என்று ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்து ஆண்டுக்கு முன் பேசிய குறைந்த வாடகையில் இருப்பவர்கள் இதை மனத்தில் வைத்தே மேல்முறையீட்டை முடிவு செய்ய வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ வந்த பிறகு அந்தத் தடத்தில் வீடு தேடியவர்களுக்குப் பழைய வாடகைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள இடைவெளி தெரிந்திருக்கும்.

வெளியேறிய நாளுக்குப் பிந்திய மாதங்களுக்கு, ஒப்பந்தத்தில் மீதமிருந்த காலத்தைக் காட்டி வாடகை கேட்டால், அது வேறு. வெளியேறச் சொன்னவர் உரிமையாளர். வீடு அவர் கைக்குப் போய்விட்டது. பாக்கி வாடகையும், தங்கியிருந்த நாட்களுக்கான இழப்பீடும் கொடுக்க வேண்டியவையே. அவற்றுக்கு மேல் கேட்டால், எந்த வாசகத்தின்படி, என்ன நட்டத்துக்காக என்று எழுத்தில் கேளுங்கள்.

உரிமையாளரே பூட்டிவிட்டால்

நீதிமன்ற உத்தரவில்லாமல் வீட்டைப் பூட்டுவதற்கோ சாமான்களை வெளியே வைப்பதற்கோ எந்த உரிமையாளருக்கும் அதிகாரம் இல்லை. மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவதும் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கும் செயல். அதற்கு வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். அப்படி வெளியே தள்ளப்பட்டவர், தள்ளப்பட்ட நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வாடகை கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் அந்த நாள் எது என்பதற்குச் சான்று வேண்டும். அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், பூட்டிய கதவைப் படமெடுங்கள். வீட்டுக்குள் திரும்பப் போக வேண்டும் என்றால், 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் அந்தப் பிரிவின் கீழான வழி அடைபட்டுவிடும்.

வெள்ளத்தால் வீடு வாழத் தகுதியற்றுப் போனால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த நேரத்தில் வேறு இடம் தேடிப் போனவர்களுக்கும் வாடகைக் கேள்வி எழுந்தது. தீ, புயல், வெள்ளம் முதலியவற்றால் சொத்தின் முக்கியப் பகுதி முழுவதும் அழிந்தாலோ, வாடகைக்கு விட்ட நோக்கத்துக்குப் பெருமளவிலும் நிரந்தரமாகவும் பயன்படாமல் போனாலோ, வாடகைதாரர் விரும்பினால் குத்தகையை முடித்துக்கொள்ளலாம் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. 'நிரந்தரமாக' என்பது இங்கே கடுமையான நிபந்தனை. முழங்கால் அளவுத் தண்ணீர் ஒரு வாரம் நின்று வடிந்தால் இந்தப் பிரிவு உதவாது. சுவர் இடிந்தாலோ, கூரை விழுந்தாலோ உதவும். எதுவானாலும், குத்தகையை முடித்துக்கொள்வதாக எழுத்தில் தெரிவித்த பிறகே வாடகையை நிறுத்துங்கள்.

பணம் கேட்டு நோட்டீஸ் வந்தால், அட்வான்ஸ் வராமல் போனால்

வாடகைப் பாக்கிக்காக வழக்குப் போட உரிமையாளருக்கு, அந்த வாடகை கொடுக்க வேண்டியதான நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே வீட்டை விட்டு வந்து ஓராண்டு கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். நோட்டீஸில் சொன்ன நாட்களுக்குள் பதில் கொடுங்கள். எந்த மாதம் கொடுத்தீர்கள், எந்த நாளில் சாவி ஒப்படைத்தீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு அவரிடம் இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும். பயத்தில் 'தவணையில் கொடுத்துவிடுகிறேன்' என்று எழுதிவிட்டால், இல்லாத கடனையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

அட்வான்ஸ் திரும்பி வராதவர்கள், ஒரு மாதம் கடந்ததும், தொகையையும் கணக்கையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது. உங்கள் பகுதிக்கான வாடகை அதிகாரி யார் என்பதை அங்கே கேட்டறியலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்து தருகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவிக்குத் தகுதியுடையவர்கள். 15100 என்ற எண்ணில் அழைத்து விசாரிக்கலாம். தொகை சிறியதாக இருந்தால் வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கவும் அவர்கள் வழி செய்வார்கள். செல்லும்போது ஒப்பந்தத்தின் நகல், நோட்டீஸ் கொடுத்ததற்கான சான்று, சாவி ஒப்படைத்த தாள், வாடகை நோட்டு அல்லது வங்கி அறிக்கை, மின்மீட்டர் படத்தின் அச்சுப் பிரதி ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். மூலப் பிரதிகளை யாரிடமும் கொடுக்காமல் நகல்களை மட்டும் கொடுங்கள்.